ஏழு உயரம், நாலு அகலம்

வாழ்நாள் முழுக்கக் கோதுமை லாரி ஓட்டியவன் நான். என் கைவிரல்கள் ஒவ்வொன்றும் ஒரு சாசேஜ் தடிமன். அந்த விரல்களால் இப்போது நான் செய்கிற வேலை, இடுக்கியில் தபால்தலை அளவுப் புத்தகங்களை எடுத்துச் சாண் உயர அலமாரியில் அடுக்குவது. ஓய்வு பெற்றதும், என்னோடு ஓட்டினவர்கள் எல்லாம் கேரவன் வாங்கி ஊர் சுற்றப் போனார்கள். நான் பொம்மை வீட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டேன். பொம்மை வீடு என்று நானே சொல்லிக்கொள்ளலாம். வேறு யாராவது சொன்னால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

குட்டி வீடு கட்டுகிற எங்கள் உலகத்தில் ஓரடி என்பது ஓரங்குலம். நிஜ வீட்டில் ஆறடி இருக்கிற கதவு எங்களுக்கு ஆறங்குலம். ஆஸ்திரேலியா மீட்டருக்கு மாறி அரை நூற்றாண்டு ஆகிறது, நாங்கள் மட்டும் மாறவில்லை. அங்குலம் என்று வாய்விட்டுச் சொல்வதுகூடக் கிடையாது. ‘ஆறு உயரம்’ என்றால் எங்களில் யாருக்கும் புரியும். படம் எடுத்தால் பக்கத்தில் ஒரு ஐந்து சென்ட் காசை வைத்து எடுப்போம், அளவு தெரிவதற்காக. மாதத்தின் முதல் சனிக்கிழமை ஃப்ரீலிங் ஊர் மண்டபத்தில் கூடுவோம். ஒருவர் புத்தகத்தை இன்னொருவர் இடுக்கியால் திறந்து பார்ப்போம். திறக்காத புத்தகத்தை மரக்கட்டை என்று சொல்லி ஒதுக்கிவிடுவோம்.

திறக்கும் என்பதோடு சரி. படிப்பதில்லை. என்னிடம் இருக்கிற குட்டிப் புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் படித்ததில்லை. என் மனைவி வெர்னா ஒருநாள் கேட்டாள்.

“இத்தனை வச்சிருக்கியே கிளைவ், ஒண்ணையாவது படிச்சிருக்கியா?”

“படிச்சா முதுகு ஒடிஞ்சிடும்.”

“யாருக்கு?”

“புத்தகத்துக்கு.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். வெர்னா நிஜமாகவே படிக்கிறவள். துப்பறியும் நாவல் என்றால் உயிர். அடுப்பில் சூப் கொதிக்கும்போதும் ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் கொலை. கல்யாணமான நாளிலிருந்து சேர்த்த புத்தகங்கள் ஒரு சுவர் நிறைய இருந்தன. இருந்தன என்றுதான் சொல்ல வேண்டும். முதலில் என் பொம்மை வீட்டுக்காக ஹாலில் இருந்த அவள் ஷெல்ஃபைக் கழற்றினேன். பிறகு என் மரத்துண்டுகளுக்காக நடைக்கூடத்தில் இருந்ததைக் கழற்றினேன். புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் கட்டி, பின்னால் தகர ஷெட்டில் புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் அடுக்கினேன். கொஞ்ச நாளைக்குத்தான் என்றேன். அந்தக் கொஞ்ச நாளில் எங்கள் பேத்தி பிறந்து பள்ளிக்கூடமும் போகத் தொடங்கிவிட்டாள்.

அதோடு நிறுத்தினேனா? அவளுடைய முத்துத் தோட்டில் ஒன்று என் பொம்மை வீட்டின் குட்டி நூலகத்தில் விளக்காகத் தொங்குகிறது. அவள் கைக்கடிகாரம் அதே நூலகத்தின் சுவர்க்கடிகாரம்.

“மணி பாக்கணும்னா உன் பொம்மை வீட்டுக்குள்ள நான் தலைய விடணுமா?” என்று கத்தினாள். கத்தியவரைக்கும் எனக்குப் பயமில்லை. போன மாதம் அவள் கட்டில் தலைமாட்டில் மிச்சமிருந்த ஒரே பலகையையும் நான் பிசின் காய வைக்க எடுத்துக்கொண்டேன். அன்றைக்கு அவள் கத்தவில்லை. படித்துக்கொண்டிருந்த புத்தகத்தை வைக்க இடம் தேடி, கடைசியில் தரையில் வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

“ஜாய்ஸ் வீட்ல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. ஷெல்ஃபோட. இனிமே இந்த வீட்டுக்குள்ள இன்னும் ஒரே ஒரு சாமான் வந்தாலும் நான் விக்டர் ஹார்பர் போயிடுவேன். போனா திரும்பி வர மாட்டேன்.”

ஜாய்ஸ் அவள் அக்கா. புருஷன் போனபின் கடலைப் பார்த்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். வெர்னா சும்மா மிரட்டுகிறவள் இல்லை. அவள் இல்லாத வீட்டில் நான் என்ன செய்வேன்? முட்டை அவிக்கக்கூட எனக்கு ஒழுங்காக வராது. இனி ஒரு துரும்புகூட வராது என்று சத்தியம் செய்தேன்.

அதற்கடுத்த சனிக்கிழமைதான் மண்டபத்து அறிவிப்புப் பலகையில் அந்த அட்டையைப் பார்த்தேன். ஒரு புகைப்படம். கருவாலி என்கிற ஓக் மரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி. கீழே நடுங்கும் கையெழுத்து: ‘ஏழு உயரம், நாலு அகலம், ஒன்று ஆழம். புத்தகங்களோடு. உனா பாஸ்கோ, கபுண்டா.’ பிறகு விலை, ஒரு தொலைபேசி எண்.

அப்படியே உறைந்து போனேன். அந்த வேலைப்பாடு! மரத்தின் ரேகை தெரிகிறது, கதவில் பூட்டுத் துளை தெரிகிறது. நிஜம் மாதிரியே இருக்கிறது என்று நினைத்தேன். பக்கத்தில் காசு இல்லையே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. வயதானவள், வழக்கம் தெரியாதவள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். விலையும் பொருத்தமாக இருந்தது. எங்கள் பொழுதுபோக்கில் சிறிதாகச் சிறிதாகத்தான் விலை ஏறும். அந்தப் பலகை ஊர் முழுவதற்கும் பொது, அதில் டிராக்டர்கூட விற்பார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. டொரீன் கையில் டீக்கோப்பையோடு பலகைப் பக்கம் வருவதைப் பார்த்தேன். எங்கள் சங்கத்தில் என்னோடு போட்டி போடுகிற ஒரே ஆள் அவள்தான். அட்டையைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

திங்கட்கிழமை வெர்னா கடைக்குப் போன நேரம் பார்த்துப் போன் செய்தேன்.

“அம்மா, அந்தப் புத்தக அலமாரி இன்னும் இருக்கா?”

“இருக்கு தம்பி. யாரும் சீந்தல. ஒருத்தி வந்து வெள்ளை பெயின்ட் அடிக்கப் போறேன்னா. போடீன்னு அனுப்பிட்டேன்.”

“நல்லது பண்ணீங்க. பூட்டு வேலை செய்யுதா?”

“செய்யுமே. சாவியும் இருக்கு.”

ஏழங்குல அலமாரியில் வேலை செய்கிற பூட்டு! “உள்ள இருக்கிற புத்தகம்... அதெல்லாம் திறக்குமா?”

“புத்தகம்னா திறக்காம?”

“இல்லம்மா, நிறைய பேரு திறக்காத புத்தகமாத்தான் வச்சிருக்காங்க.”

“அது வாஸ்தவம்தான். எங்க வீட்டுக்காரர் சாகுற வரைக்கும் ஒண்ணக்கூடத் திறக்கல. சரி, எத்தனை ஆள் கூட்டிட்டு வர்றீங்க?”

“எதுக்கு ஆளு? நான் ஒருத்தன் போதும். ரெண்டு விரல்ல தூக்கிடுவேன்.”

அந்த அம்மா கடகடவென்று சிரித்தார். “பலே ஆளுதான்! எதுக்கும் என் பையங்க ரெண்டு பேரையும் இருக்கச் சொல்றேன்.”

தனியாக இருக்கிற கிழவி, முன்பின் தெரியாதவன் வருகிறானே என்று மகன்களைக் காவலுக்கு வைக்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டியது.

மறுநாள் டயருக்குக் காற்றடித்துவிட்டு வருகிறேன் என்று வெர்னாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். பக்கத்து சீட்டில் ஒரு செருப்புப் பெட்டி, அதற்குள் மெத்து மெத்தென்று பஞ்சு, பஞ்சின் மேல் இடுக்கி. வழியெல்லாம் எங்கே ஒளித்து வைப்பது என்ற யோசனைதான். சலவை இயந்திரத்துக்குப் பின்னால் வைத்தால் அவள் கண்ணில் படாது என்று முடிவு செய்தேன். அறுவடைக் காலம் என்பதால் தானியம் கொட்டுகிற சைலோ வாசலில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. தெரிந்த டிரைவர்கள் கை காட்டினார்கள். அவர்களிடம் நான் தச்சு வேலை செய்கிறேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

பாஸ்கோ அம்மாவுக்கு எண்பதுக்கு மேல் இருக்கும். ஸ்கோன் ரொட்டி சுட்டு, ஜாமும் கிரீமும் எடுத்து வைத்துக் காத்திருந்தார். வீடு பாதி காலியாகிவிட்டது. அடுத்த வாரம் அடிலெய்டில் முதியோர் இல்லத்து ஒற்றை அறைக்குப் போகிறாராம். நான் செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து பின்னால் நன்றாகச் சாய்ந்தபடி இரண்டு ஸ்கோன் சாப்பிட்டேன். அலமாரிக்காகப் பறக்கிறேன் என்று தெரியக்கூடாதே என்று வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினேன். பிறகு மெல்ல ஆரம்பித்தேன்.

“சரிம்மா, அலமாரிய பாத்துடலாமா? எங்க வச்சிருக்கீங்க?”

“என்ன தம்பி கேள்வி இது? நீங்க சாஞ்சிருக்கீங்களே, அதான்.”

திரும்பிப் பார்த்தேன். பிறகு அண்ணாந்து பார்த்தேன். கருவாலி மரம். கண்ணாடிக் கதவு. பூட்டு. ஏழடி உயரம், நாலடி அகலம், ஓரடி ஆழம்.

அந்த நிமிடம் என் மூளையில் என்ன ஓடியது தெரியுமா? இது எவ்வளவு கச்சிதமாக என் அளவுக்கு இருக்கிறது, பன்னிரண்டில் ஒரு பங்கு செய்தால் சரியாக ஏழங்குலம் வரும் என்று ஓடியது. அதற்குப் பிறகுதான் காது சூடானது.

உண்மையைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் பாஸ்கோ அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அது இல்லாம நான் இந்த வீட்ல இருந்ததே இல்ல தம்பி. யார் கையில போகுமோன்னு தூக்கமே இல்ல. புத்தகம் திறக்குமான்னு கேட்டீங்க பாருங்க, அப்பவே மனசு நிறைஞ்சு போச்சு. படிக்கிற வீட்டுக்குத்தான் போகுதுன்னு.”

திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டேன். மகன்கள் வார்ப்பட்டையோடு உள்ளே வந்தார்கள். மூத்தவன் என்னைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லானான். ஐம்பது வயது, தோள் அகலம் ஒரு கதவு இருக்கும்.

“அட, கிளைவ் அண்ணனா! என்னண்ணே, என்னைத் தெரியலயா? கொலின். எங்க கோதுமைய நீங்கதானே சைலோவுக்கு ஏத்துவீங்க! அம்மா யாரோ ரெண்டு விரல்ல தூக்குற ஆளு வர்றாருன்னு சொன்னாங்க. டிரெய்லர் எங்கண்ணே?”

“டிரெய்லரா... கொண்டு வரலப்பா.”

“அப்ப எதுல ஏத்திட்டுப் போறதா இருந்தீங்க? மடியில அது என்ன டப்பா?”

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். மூடி திறந்திருந்தது. பஞ்சு. இடுக்கி.

“இது... சாவி வைக்க” என்றேன்.

கொலின் பஞ்சைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான். பெரிய மனுஷன், எதுவும் கேட்கவில்லை. சாவியைப் பூட்டிலிருந்து உருவிப் பஞ்சின் மேல் பத்திரமாகப் படுக்க வைத்தான். அவனிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலத்துக்குள் சைலோ வரிசையில் நிற்கிற அத்தனை லாரிக்காரனுக்கும் தெரிந்திருக்கும். கௌரவம் பார்த்தேன். அலமாரியை அவர்கள் பிக்கப்பில் ஏற்றினார்கள், புத்தகங்களைப் பெட்டிகளில் கட்டி ஏற்றினார்கள். நான் என் சின்னக் காரில் முன்னால் போக, ஏழடி உயரத்துக்கு என் முட்டாள்தனம் கயிறு கட்டிப் பின்னால் வந்தது.

வழியில் ஒரே ஒரு வேண்டுதல்தான். வெர்னா புல்வெளிப் பந்தாட்டத்துக்குப் போயிருக்க வேண்டும். இறக்கி ஷெட்டில் வைத்துப் போர்வையால் மூடிவிட்டால், பிறகு யோசித்துக்கொள்ளலாம். ஆனால் வெயில் நாற்பதைத் தாண்டியதால் ஆட்டத்தை ரத்து செய்துவிட்டிருந்தார்கள். வெர்னா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் புத்தகம்.

பிக்கப்பைப் பார்த்தாள். அலமாரியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் உள்ளே போய்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறாள், கொலினே அவளை விக்டர் ஹார்பரில் இறக்கிவிட்டாலும் விடுவான் என்று நினைத்தேன்.

“யாருக்கு இது?” என்றாள்.

கொலின் என்னை முந்திக்கொண்டான். “உங்களுக்குத்தான் இருக்கும் அக்கா. அண்ணன் டயர் தேயத் தேய கபுண்டா வந்து வாங்கிட்டு வர்றாரு.”

வெர்னா என் முகத்தையே பார்த்தாள். “எனக்கா, கிளைவ்?”

“பின்ன வேற யாருக்கு?” என்றேன். சொன்ன வாய்க்கு எதைப் போட்டாலும் தகும்.

அவள் கிட்டே போய்க் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க, தூசி இருக்கிற மாதிரி அலமாரிக் கதவைத் துடைத்தாள். எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது. ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்து வெகு நாளாகியிருந்தது.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. ஏழடி அலமாரி நிற்க வீட்டில் ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அங்கே என் பொம்மை வீடு நின்றது.

“அண்ணே, இந்தப் பொம்மை வீட்ட எங்க வைக்க?” என்று கொலின் கேட்டான். அந்த வார்த்தையை அவன் சொன்னபோது கோபப்படக்கூட எனக்குத் தெம்பில்லை. ஷெட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னேன். புல்வெட்டும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், வெர்னாவின் அட்டைப்பெட்டிகள் இருந்த அதே இடத்தில் அது போய் உட்கார்ந்தது. அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன.

மதியம் முழுக்க வெர்னா தரையில் உட்கார்ந்து புத்தகம் அடுக்கினாள். பாஸ்கோ அம்மாவின் பெட்டிகளில் ஆடு வளர்ப்புப் புத்தகம் பாதி, துப்பறியும் நாவல் பாதி. ஒவ்வொன்றையும் எடுத்துத் தூசி தட்டி, முதல் பக்கத்தைப் படித்து, சில சமயம் கடைசிப் பக்கத்தையும் படித்து, ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடுக்கினாள். நடுவில் ஒரு தடவை எழுந்து காரில் விட்டிருந்த சாவியை எடுத்து வந்தாள். நான் பெட்டி தூக்கினேன், எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து கொடுத்தேன், நல்ல கணவன் மாதிரி வளைய வளைய வந்தேன்.

இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். ஆட்டுக்கறியும் உருளைக்கிழங்கும். வெர்னா முள்கரண்டியால் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே சொன்னாள்.

“உன் சத்தியத்த நம்பாம காலையில ஜாய்ஸுக்குப் போன் பண்ணினேன். வர்ற ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லிட்டேன். பெட்டி கட்டி கட்டிலுக்கு அடியில வச்சிருக்கேன். உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டு இருந்தேன்.”

வாயருகே கொண்டுபோன கறியைத் தட்டிலேயே வைத்தேன்.

“இப்ப எட்டு மணிக்கு அவ கூப்பிடுவா. நான் ஏதாவது சொல்லணும். அதான் கேக்கறேன், உனக்கு எப்படி இது தோணுச்சு கிளைவ்?”

நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. ‘சும்மா தோணுச்சு’ என்று தோளைக் குலுக்கினால் போதும், அவள் இருந்துவிடுவாள். ஆனால் அவள் இருக்கப்போவது, மனைவிக்காக யோசித்து அலமாரி வாங்கி வந்த யாரோ ஒருவனோடு. அவன் நான் இல்லை. கொஞ்ச நாள் அவன் மாதிரி நடிக்கலாம். அப்புறம் மறுபடியும் ஏதோ ஒரு பலகையை நான் கழற்றும்போது அவளுக்கு இரண்டு மடங்கு வலிக்கும். எனக்கு இது அப்போது இவ்வளவு தெளிவாகத் தோன்றவில்லை.

“ஏழு இன்ச்னு நினைச்சேன்” என்றேன்.

வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எனக்குன்னுதான் வாங்கப் போனேன் வெர்னா. உனக்குன்னு இல்ல. ஏழடின்னு அங்க போய்த்தான் தெரிஞ்சுது. அந்த அம்மாகிட்ட வாய் திறக்க முடியல. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன். நீ போறதுன்னா...” தட்டைத் தள்ளி வைத்தேன். “போகாத” என்றேன்.

அவள் எழுந்து போனாள். கட்டிலுக்கடியில் இருக்கிற பெட்டியை எடுக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். திரும்பி வந்தவள் கையில் என் செருப்புப் பெட்டி. மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து மூடியைத் திறந்தாள். பஞ்சு. இடுக்கி.

“சாவி எடுக்கப் போனப்பவே பாத்தேன். நான் எத்தனை துப்பறியும் கதை படிச்சிருக்கேன், கிளைவ். ஏழடி அலமாரிய எடுத்துட்டு வர எவன்டா இடுக்கியோட போவான்?”

“அப்ப ஏன் கேக்கல?”

“நீயா சொல்றியான்னு பாத்தேன். எட்டு மணி வரைக்கும் பாத்திருப்பேன்.” சுவரைப் பார்த்தாள். “எட்டாச்சா? என் வாட்ச் எங்க?”

“ஷெட்ல. நூலகத்துச் சுவத்துல.”

அப்போது போன் அடித்தது. வெர்னா நடைக்கூடத்தில் நின்று எடுத்தாள். நான் மேஜையில் உட்கார்ந்தபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“இல்ல ஜாய்ஸ், வரல... இல்ல இல்ல, திருந்தல. திருந்துற ஜென்மமா அது? ஏழு இன்ச்னு நினைச்சு ஏழடி வாங்கிட்டு வந்திருக்கு... ஆமா! பஞ்சு வச்ச டப்பாவோட!” அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். போனுக்குள்ளிருந்து ஜாய்ஸ் சிரிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. அந்தப் பெண்கள் இரண்டு பேரும் என்னை நினைத்துச் சிரித்த சிரிப்பைக் கேட்டு நான் பஞ்சால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அவள் கையில் கடிகாரம் ஏறியிருந்தது, காதில் இரண்டு தோடும் இருந்தன. அலமாரியில் கடைசிப் பலகையை மட்டும் காலியாக விட்டிருந்தாள்.

“உன் நூலகத்த மட்டும் கழட்டி எடுத்துட்டு வந்து இதுல வை. மத்ததெல்லாம் ஷெட். இதுக்கு மேல ஒண்ணு வேணும்னா இதுலருந்து ஒண்ண எடுத்துட்டு வை. புரிஞ்சுதா?”

புரிந்தது. அந்தப் பலகைக்கு மேலே ஓரடி இடம் இருக்கிறது. என் கணக்கில் அது பன்னிரண்டு அடி, மாளிகைக்கே போதும். சாவி வெர்னாவிடம் இருக்கிறது.